ரேக் மாற்றுவதா, சீல் போடுவதா, ஹோஸோடு முடித்துக்கொள்வதா? ஒழுகும் பவர் ஸ்டீயரிங்குக்கு உள்ள வழிகள்

சென்ற மாதம் கோலாலம்பூர் கெப்போங்கில் இருக்கும் என் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடம், அவனுடைய 2003 புரோட்டான் வீரா, முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் சிமெண்ட் தரையில் ஒரு சிவப்புக் கறை. ஐம்பது காசு அகலம் இருக்கும். கூடவே ஒரு குரல் பதிவு: "ரேக் போச்சு, முழுசா மாத்தணும்னு போர்மன் சொல்றாரு மச்சான். இன்னொரு ஒர்க்‌ஷாப்ல சீல் மட்டும் போட்டா போதுங்கிறாங்க. ஆபீஸ்ல ஒருத்தரு, கடையில ஒரு பாட்டில் விக்குது, அத ஊத்துனா அடைச்சுக்கும்ங்கிறாரு. நான் யாரு பேச்சக் கேக்குறது?"

ரேக் என்பது ஸ்டீயரிங்கைத் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் நீளமான பாகம்; போர்மன் என்றால் இங்கே மெக்கானிக். இதே கேள்வியை இந்த ஆண்டில் என்னிடம் கேட்ட மூன்றாவது ஆள் அவன். நான் மெக்கானிக் இல்லை. பழைய புரோட்டான் வண்டிகளை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாக ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தவன், அவ்வளவுதான். ஒரு தடவை இதே விஷயத்தில் நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். என் 2004 வாஜாவில் ஒழுகல் என்று போனேன், பார்த்த உடனே "ரேக்" என்றார்கள், மாற்றினார்கள், 680 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். நான்காவது நாள் அதே இடத்தில் அதே கறை. கடைசியில் பார்த்தால், மேலே பம்ப் பக்கம் இருந்த, எண்ணெய் டாங்கிக்குத் திரும்பி வரும் ஹோஸின் கிளிப் தளர்ந்து, எண்ணெய் குழாய் வழியாக இறங்கி, ரேக்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல ரேக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அதனால் இங்கே வழிகளை ஒப்பிடுவதற்கு முன்பு, எதை வைத்து ஒப்பிடுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

## முதலில் ஒரு சந்தேகம் தீரட்டும்

இந்தப் பேச்செல்லாம் எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்குக்கு மட்டும்தான். வீரா, வாஜா, பழைய சாகா, ஹைலக்ஸ் வீகோ போன்றவை இந்த ரகம். மைவி 2005-இல் வந்தபோதே மின்சார ஸ்டீயரிங்கோடு வந்தது. அதில் ஒழுகுவதற்கு எண்ணெயே கிடையாது. மைவிக்குக் கீழே சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அது கியர் எண்ணெயாக இருக்கலாம், ரேடியேட்டர் நீராக இருக்கலாம், ஸ்டீயரிங் இல்லை. பானட்டைத் திறந்தால் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியோடு ஒரு சின்ன டாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே படியுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயம். எங்கே ஒழுகுகிறது. எவ்வளவு வேகமாகக் குறைகிறது. இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். வண்டி இல்லாமல் எத்தனை நாள் சமாளிக்க முடியும். விலை இந்த நான்கிற்கும் பிறகுதான் வர வேண்டும். ஆனால் நம்மில் பலர் விலையில் தொடங்கி விலையிலேயே முடிக்கிறோம்.

இரண்டாவதை அளப்பது சுலபம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, டாங்கியில் எண்ணெய் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு விரல் அகலம் குறைவது வேறு. மூன்று நாளைக்கு ஒரு முறை டாங்கி காலியாவது வேறு.

முதலாவதுதான் முக்கியம். அதற்குத் தனியாக ஒரு பகுதி.

## ஒழுகும் இடத்தைப் பிடிப்பது

முதல் வேலை, அது ஸ்டீயரிங் எண்ணெய்தானா என்று பார்ப்பது. வெள்ளை டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். நிறமே இல்லாமல், பிசுக்கும் இல்லாமல் இருந்தால் ஏர்கான் தண்ணீர். நம் ஊர் வெயிலில் எல்லா வண்டியும் அதைச் சொட்டும். கறுப்பு அல்லது காப்பி நிறம் என்றால் எஞ்சின் எண்ணெய். சிவப்பு என்றால் இரண்டு சாத்தியம் உண்டு: பழைய புரோட்டான் வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கும் ஆட்டோ கியருக்கும் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்) தான். இரண்டில் எதன் மட்டம் குறைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். பழசான ஸ்டீயரிங் எண்ணெய் பழுப்பாகவும் மாறியிருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது கழுவுவது. இதைச் செய்யாமல் யார் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டாம். எண்ணெய் மேலிருந்து கீழே வரும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். நனைந்திருக்கும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டிகிரீசர் அடித்து, பம்ப், ஹோஸ், ரேக் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து, உலர்ந்த பிறகு சந்தேகமான இணைப்புகளில் குட்டிக்கூரா பவுடரைத் தூவிவிடச் சொன்னார் எனக்குத் தெரிந்த ஒரு செந்தூல் போர்மன். சிரித்தேன். ஆனால் எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஒன்று மட்டும்: முழுக்க முறுக்கிய நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. அந்த நேரத்தில் பம்ப் தன் உச்ச அழுத்தத்தில் திணறிக்கொண்டிருக்கும்.

கடைசியாக பூட். ரேக்கின் இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக, அக்கார்டியன் போல ஒரு ரப்பர் உறை இருக்கும். அதைக் கையால் அமுக்குங்கள். உள்ளே சளக் சளக் என்று எண்ணெய் புரண்டால் ரேக்கின் உள் சீல் போய்விட்டது, அதில் வாதமே இல்லை. உலர்ந்திருந்தால், "ரேக் போச்சு" என்று சொல்பவரிடம் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் தண்டு ரேக்குக்குள் நுழையும் இடத்திலும் ஒரு சீல் உண்டு, அதுவும் ஒழுகலாம். ஆனால் அதைக் காட்ட முடியும்.

## வழி 1: ஊற்றி ஊற்றி ஓட்டுவது

நான் இதை இழிவாகச் சொல்லமாட்டேன். மாதம் ஒரு விரல் குறைகிறது, ஆறு மாதத்தில் வண்டியை ஸ்கிராப்புக்குத் தள்ளப் போகிறீர்கள் என்றால், ஒரு பாட்டில் எண்ணெயை வண்டியின் டிக்கியில் போட்டுக்கொண்டு ஓட்டுவது அறிவுள்ள முடிவுதான்.

மறைந்திருக்கும் செலவு, மறந்துபோகும் நாளில் இருக்கிறது. டாங்கி காலியாகி பம்ப் காற்றை இழுத்தால் 'ஊம்ம்' என்று முனகும், எண்ணெய் நுரைக்கும். அதற்குப் பிறகும் ஓட்டினால் நல்ல பம்பும் தேய்ந்துவிடும். ஒழுகல் பெல்ட்டின் மேல் விழுந்தால் பெல்ட் வழுக்கும். ஆல்டர்னேட்டர் மேல் விழுந்தால் அதுவும் கெடும். எஞ்சின் மவுண்டிங், புஷ் போன்ற ரப்பர்கள் எண்ணெயில் ஊறி உப்பிப் போகும். சூடான புகைக்குழாயின் மேல் சொட்டினால் அது தீ விஷயம், ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். தீபாவளிக்கு பட்டர்வொர்த் போகும் பயணம் இருந்தால் அதற்கு முன்பு சரிசெய்துவிடுங்கள். ஈப்போ தாண்டி இருட்டில் ஸ்டீயரிங் கல்லாகிப் போனால் வண்டி திரும்பும்தான், ஆனால் கை இரண்டும் போதாது.

## வழி 2: பாட்டில் மருந்து

ஒழுகலை நிறுத்தும் என்று விற்கும் திரவம் செய்வது ஒரே வேலை: இறுகிப்போன ரப்பர் சீலை மென்மையாக்கி, கொஞ்சம் உப்ப வைக்கிறது. வயதாகி விறைத்த சீலில் மெல்லிய கசிவு என்றால் சில மாதம் தாங்கும். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், துருப்பிடித்த கம்பி, கிழிந்த சீல், இவற்றில் எதற்கும் அது பயன்படாது.

விற்கப் போகும் வண்டியில் சிலர் இதை ஊற்றுகிறார்கள். அதைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். உங்கள் சொந்த வண்டியில் ஊற்றினால், பிறகு ரேக்கைப் பிரிக்கப் போகும் போர்மனிடம் சொல்லிவிடுங்கள். ஊறிப்போன நல்ல சீல்களையும் அவர் மாற்ற வேண்டியிருக்கும்.

## வழி 3: ஹோஸ், கிளிப், ஓ-ரிங்

என் வாஜாவுக்கு வேண்டியிருந்தது இதுதான். செலவு, எண்ணெயோடு சேர்த்து 45 வெள்ளி.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஹோஸ் இரண்டு வகை. டாங்கிக்குத் திரும்பி வருவது தாழ்வழுத்த ஹோஸ். எண்ணெய் தாங்கும் ரப்பராக வாங்கி, நல்ல கிளிப் போட்டால் முடிந்தது. ரேடியேட்டர் ஹோஸ் துண்டை வெட்டிச் சொருகினால் சில மாதத்தில் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். பம்பிலிருந்து ரேக்குக்குப் போவது உயரழுத்த ஹோஸ். டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம். ஸ்டீயரிங்கை முழுக்க முறுக்கும்போது இந்த ஹோஸில் ஏறும் அழுத்தம் சிறிய காரிலேயே 70, 80 பார் அளவுக்குப் போகும். அங்கே கிளிப்பும் டேப்பும் விளையாட்டு இல்லை. புது ஹோஸ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் லாரிக்கும் மண்வாரிக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகள் செகாம்புட் போன்ற தொழிற்பேட்டைப் பக்கம் உண்டு. பழைய உலோக முனைகளைக் கொண்டுபோனால் நடு ரப்பரை மட்டும் மாற்றி அழுத்தித் தருவார்கள். ஓரி (ஒரிஜினல் பாகம்) கிடைக்காத பழைய வண்டிக்கு இது வரம்.

பம்ப் தண்டின் சீலையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். பம்ப் முனகாமல் ஒழுக மட்டும் செய்தால் சீல் போதும். முனகலும் சேர்ந்திருந்தால் பம்பையே மாற்றுவது நல்லது.

## வழி 4: உங்கள் ரேக்கையே பிரித்து சீல் மாற்றுவது

பூட்டுக்குள் எண்ணெய் இருக்கிறது, ரேக்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் உண்மையான குழப்பம். சீல் கிட் விலை குறைவு, ஆனால் கழற்றிப் பூட்டும் கூலி ரேக் மாற்றினாலும் அதேதான். தவறாகப் போனால் அந்தக் கூலியை இரண்டு தடவை கொடுக்க வேண்டும்.

இதைத் தீர்மானிப்பது ரேக்கின் நடுவே ஓடும் கம்பி. செந்தூல் போர்மன் அதை எனக்கு ஒரு தடவை காட்டினார். வேறு யாருடைய வண்டியின் ரேக்கோ பெஞ்சில் பிரித்துக் கிடந்தது. கம்பியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கட்டை விரல் நகத்தை அதன் மேல் வைத்து மெதுவாக இழுத்தார். முக்கால் நீளத்துக்கு நகம் வழுக்கிப் போனது. கடைசியில், பூட் கிழிந்திருந்த பக்கத்தில், டக் என்று நின்றது. "இங்க பாரு தம்பி, எறும்பு கடிச்ச மாதிரி." குனிந்து பார்த்தால் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். துருக் குழிகள். "புது சீல் போட்டா மூணு மாசம் நல்லாருக்கும். அப்புறம் இந்தக் குழி அதையும் அறுத்துடும். அப்ப எங்கிட்டதான் சண்டைக்கு வருவீங்க."

துரு எப்படி வந்தது? பூட் கிழிந்ததால். மழை வந்தால் முழங்கால் தண்ணீரில் ஓட்டும் ஊர் இது. கிழிந்த பூட்டுக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்து கம்பியில் உட்கார்ந்துகொள்கிறது. சில பத்து வெள்ளி பூட்டை நேரத்துக்கு மாற்றாததுதான் பல ரேக்குகளின் மரணக் காரணம்.

ஆக, நகம் தடுக்காமல் போனால் சீல் கிட் மிக நல்ல வழி. வண்டியோடு பிறந்த ரேக், அளவு மாறாது, பல்சக்கரம் தேய்ந்ததா என்பது உங்களுக்கே தெரியும். நகம் தடுத்தால், கம்பியைத் தீட்டி மெருகேற்றித் தரும் கடைகள் உண்டு. லேசான புள்ளிக்கு அது போதும், ஆழக் குழிக்குப் போதாது. இங்கே மறைந்திருக்கும் செலவு நாட்கள். பிரித்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு தெரியும் என்பதால், வண்டி ஜாக்கியில் நிற்கும்போது நீங்கள் கிராப் செயலியைத் திறந்துகொண்டிருப்பீர்கள்.

## வழி 5: ரீகண்டிஷன் ரேக்

வேறொருவருடைய பழைய ரேக்கை ஏற்கெனவே பிரித்து, சீல் மாற்றி, சோதித்து வைத்திருப்பார்கள். உங்கள் பழையதைக் கொடுத்து இதை வாங்கிக்கொள்ளலாம். காலையில் விட்டால் மாலையில் வண்டி கையில். வேலைக்கு வண்டியை நம்பியிருப்பவர்களுக்கு இதுதான் வசதி.

ஆனால் 'ரீகண்டிஷன்' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கும். கம்பியை மெருகேற்றி எல்லாச் சீலையும் மாற்றியதும் ரீகண்டிஷன்தான், வெளியே வெள்ளிப் பெயிண்ட் அடித்ததும் ரீகண்டிஷன்தான். வாங்கும் முன் பூட்டை விலக்கிக் கம்பியைப் பாருங்கள். காட்ட மறுத்தால் வேறு கடை. வாரண்டி ரேக்குக்கு மட்டுமா, கழற்றிப் பூட்டும் கூலிக்குமா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். டை ராடு (ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) சேர்ந்த விலையா என்பதையும் கேளுங்கள். முதலில் கேட்ட விலையும் கடைசியில் கொடுத்த விலையும் மாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

## வழி 6: ஹாஃப் கட்

கிள்ளான் பக்கம் ஹாஃப் கட் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த கார்கள் அடுக்கடுக்காக நிற்கும். ஜப்பானிலும் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால் ரேக் நமக்கு ஒத்துப்போகிறது. வீரா அந்தக் கால மிட்சுபிஷி லான்சரின் உடன்பிறப்பு என்பதால் அதற்கு இங்கே தேடுதல் பலன் தரும். வாங்கும்போது பழைய ரேக்கைப் பக்கத்தில் வைத்து, பூட்டும் காதுகளும் குழாய்த் துளைகளும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

எனக்கு இதில் தயக்கம் உண்டு. உலோகம் நன்றாக இருக்கும்; சீல் எத்தனை வருடம் காய்ந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் ஒழுகினால் மறுபடி கூலி. அதனால் ஹாஃப் கட் ரேக்கை வாங்கி, பூட்டும் முன்பே புது சீல் கிட் போட்டுவிடுவதுதான் சரி. அப்படிப் போட்டால் விலை ரீகண்டிஷனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் நல்ல கம்பியோடு வரும்.

## வழி 7: புத்தம் புதியது

வண்டி பத்து வயதுக்குள், இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்டுவீர்கள், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அடிக்கடி போவீர்கள் என்றால் இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இருபது வயது வண்டிக்கு ஓரி ரேக்கின் விலை, வண்டியின் விலையில் ஒரு பெரிய பங்காகிவிடும். ஓரி அல்லாத புதிய ரேக்கும் கிடைக்கும். தரம் கடைக்குக் கடை மாறும் என்பதால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க என்னால் முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | வண்டி நிற்கும் நேரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| எண்ணெய் ஊற்றி ஓட்டுதல் | மெல்லிய கசிவு, விரைவில் கழிக்கும் வண்டி | இல்லை | பம்ப், பெல்ட், ஆல்டர்னேட்டர் |
| பாட்டில் மருந்து | விறைத்த சீல், சில மாதத் தவணை | இல்லை | நல்ல சீலும் ஊறிப்போகும் |
| ஹோஸ், ஓ-ரிங் | பூட் உலர்ந்திருந்தால் முதலில் இது | சில மணி நேரம் | தவறான ரப்பர் போட்டால் மறுவேலை |
| சீல் கிட் | கம்பியில் நகம் தடுக்காவிட்டால் | 2, 3 நாள் | கம்பி கெட்டிருந்தால் இரட்டைக் கூலி |
| ரீகண்டிஷன் | கம்பி போனது, வண்டி உடனே வேண்டும் | ஒரு நாள் | டை ராடு, கூலி சேராத வாரண்டி |
| ஹாஃப் கட் | பழைய மாடல், தேட நேரம் உண்டு | தேடுவதைப் பொறுத்தது | காய்ந்த சீல் |
| புதியது | நீண்ட நாள் வைத்திருக்கும் வண்டி | ஒரு நாள் | விலையே பெரிது |

## ரேக்கைக் கழற்றும் எந்த வழியிலும் வரும் செலவு

வீல் அலைன்மெண்ட் கட்டாயம். விட்டுவிட்டால் இரண்டு முன் டயரும் ஓரம் தின்றுபோய், மிச்சம் பிடித்த பணத்தை எடுத்துக்கொள்ளும். பழைய எண்ணெயை முழுக்க வெளியேற்றி, டாங்கியின் அடியில் இருக்கும் சின்ன சல்லடையைக் கழுவச் சொல்லுங்கள். பழைய கசடு புது சீலைத் தேய்க்கும். மூடியிலோ கையேட்டிலோ என்ன எண்ணெய் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். ஹோண்டாவுக்குத் தனி எண்ணெய், பல ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை எண்ணெய். "எல்லாம் ஒண்ணுதான்" என்று சிவப்பை ஊற்றினால் புது ரேக்கும் ஒழுகத் தொடங்கும்.

ஏர்பேக் உள்ள வண்டியில், ரேக் கழன்றிருக்கும்போது ஸ்டீயரிங் சக்கரம் தன்னிஷ்டத்துக்குச் சுற்றாதபடி பூட்டி வைக்க வேண்டும். சுற்றிவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் நாடா அறுந்து, ஏர்பேக் விளக்கு எரியும், ஹாரனும் போகும். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ஹாரனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். பழைய எண்ணெய் இங்கே சட்டப்படி அட்டவணைக் கழிவு, அதாவது கண்ட இடத்தில் கொட்டக் கூடாதது. வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டாமல், பாட்டிலில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

சரி, அத்தை மகன் கதை. பூட்டை அமுக்கச் சொன்னேன்; இடது பக்கம் சளக் என்றது. பூட் கிழிந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது, கம்பியில் நகம் இரண்டு இடத்தில் தடுத்தது. வண்டியை இன்னும் இரண்டு வருடம்தான் வைத்திருப்பான், தினமும் ஷா ஆலாம் போக வேண்டும். புதியது அதிகம், சீல் கிட் வீண். கம்பியைக் காட்டி விற்ற ஒரு கடையில் ரீகண்டிஷன் ரேக் எடுத்தான். டை ராடு, எண்ணெய், அலைன்மெண்ட், கூலி எல்லாம் சேர்த்து 610 வெள்ளி. கூலிக்கும் சேர்த்து ஆறு மாத வாரண்டி என்று ரசீதில் எழுதி வாங்கினான்.

மறுநாளிலிருந்து வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, தினமும் காலையில் படம் எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். பதினொரு நாள் சுத்தமான அட்டை. பன்னிரண்டாம் நாள் ஐம்பது காசு அளவு ஈரம், கூடவே நான்கு அழுகை முகங்கள். டிஷ்யூவில் ஒற்றிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது: "ஏர்கான் தண்ணி மச்சான்."